வினைச்சொல் தெரியாத மொழி

1

சென்ற வாரம் என் மகள் அனிற்றா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. தாளில் 'எங்கள் வீடு' என்று தலைப்பு. அப்பாவின் தொழில், அம்மாவின் தொழில், வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்த மொழிகள் என்று வரிசையாகக் கேள்விகள். அம்மாவுக்கு நேரே ஜெர்மன், ஆங்கிலம், போர்த்துக்கேயம் என்று வடிவான எழுத்தில் எழுதியிருந்தாள். தமிழைக் காணவில்லை.

"தமிழ் எங்கை பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் ஜெர்மனில் பதில் சொன்னாள். "அது நீங்களும் அப்பாவும் கதைக்கிறது. அது மொழி இல்லை, அம்மா."

மாலையில் என் கணவர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"சின்னப்பிள்ளைதானே. இதுக்குப் போய் ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்?"

"தமிழை விட்டதுக்கில்லை. போர்த்துக்கேயத்தை எழுதினதுக்கு."

அவர் தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவருக்கு எல்லாம் தெரியும். ஊரில் உள்ள உங்களுக்குத் தெரியாது. 'நாலு மொழி படித்துவிட்டாய், கெட்டிக்காரி' என்று நீங்கள் எழுதும் கடிதங்களுக்கு இதுவரை நான் சரியான பதில் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

2

நான் இந்த ஆஹென் நகரத்துக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி முடித்த எங்களில் மூன்று பேரைக் கன்னியாஸ்திரிகள் தெரிந்தெடுத்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். மற்ற இருவரும் வேறு நகரங்களுக்குப் போனார்கள். இந்த ஊரில் பொறியியல் படிக்க வந்த இந்தியத் தமிழ் மாணவர்கள் சிலர் இருந்தார்கள். பஸ்ஸில் கண்டால் பாதி ஆங்கிலத்தில் நலம் விசாரிப்பார்கள். அதற்கு மேல் தமிழ் இல்லை.

ஆஸ்பத்திரியில் வாய் திறக்கவே பயமாக இருந்தது. ஒருநாள் ஒரு முதியவரிடம் "சாப்பிட்டீர்களா" என்று கேட்க நினைத்து, மாடும் பன்றியும் தின்பதற்கு ஜெர்மன்காரர் வைத்திருக்கும் சொல்லைச் சொல்லிவிட்டேன். அறையே சிரித்தது. அந்த மனுசன் மட்டும் சிரிக்கவில்லை. அதன்பிறகு பல நாட்கள் தலையை ஆட்டியும் கையைக் காட்டியுமே வேலை செய்தேன்.

அந்தக் காலத்தில் போர்த்துக்கல்லிலிருந்து தொழிலாளர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கட்டட வேலைக்கு, பெண்கள் கம்பளி ஆலைகளுக்கு. அவர்களில் ஒரு கொத்தனார் கால் முறிந்து எங்கள் வார்டுக்கு வந்தார். காலையில் முகம் கழுவியதும் கையை நீட்டி, "துவாள்யா" என்றார். நான் யோசிக்காமல் துவாயை எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவர் 'ஜனேலா' என்றார், யன்னலைத் திறந்தேன். 'சப்பாத்து' என்றார், கட்டிலுக்குக் கீழே இருந்த சப்பாத்தை எடுத்து வைத்தேன். மேசை, கதிரை, அலுமாரி, கோப்பை, தட்டில் இருந்த பாண். ஒவ்வொரு சொல்லாக அவர் சொல்லச் சொல்ல, நான் அந்தப் பொருளைத் தொட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை ஆண்டது நாற்பது வருடம்தான். வீட்டுச் சாமான்களின் பெயர்களை எங்கள் வாயில் விட்டுவிட்டுப் போனார்கள். அது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆனால் வார்டில் கதை வேறு மாதிரிப் பரவியது. திரேசா போர்த்துக்கேயம் பேசுவாள் என்றார்கள். மற்ற வார்டுகளிலிருந்தும் என்னைக் கூப்பிட்டார்கள். போய் ஒரு கோப்பையையோ துவாயையோ எடுத்துக் கொடுப்பேன், நோயாளியின் முகம் மலரும், வைத்தியர் நன்றி சொல்வார்.

எனக்கு அந்த மொழி தெரியாது என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த நாட்டில் முதல்முறையாக என்னை மெச்சினார்கள். அதை இழக்க மனம் வரவில்லை. காரணம் அதுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

3

இரண்டாவது குளிர்காலம். ஒரு வியாழக்கிழமை காலை, கம்பளி ஆலையில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் லூர்தஸ். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். குடல்வால் வெடித்துவிட்டது. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. உடனே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். அவளோ கட்டிலிலிருந்து எழும்ப முயன்றுகொண்டே இருந்தாள். வைத்தியர் என்னைக் கூப்பிட்டார்.

அவள் என் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டாள். வேகமாக நிறையச் சொன்னாள். அந்த வெள்ளத்தில் நான் பிடித்தவை இவைதான்: "ஷாவ்... சாவ்... ஜனேலா..."

ஜனேலா யன்னல். ஷாவ் என்பது திறப்பு. நம் ஊரில் திறப்பு என்போம், இந்தியச் சஞ்சிகைகளில் சாவி என்று எழுதுவார்களே, அது. இரண்டாவது தரம் சொன்னது கொஞ்சம் மூக்கால் வந்தது. நோவில் அதே சொல் அப்படி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன சொல்கிறார்?" என்று வைத்தியர் கேட்டார்.

"அறைத் திறப்பைத் தேடுகிறார். யன்னலைப் பூட்டாமல் வந்துவிட்டார் போல."

"திறப்பு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். நேரமில்லை."

அவளுடைய மேற்சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்துக் காட்டினேன். அவள் அதைப் பறித்து, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினாள்.

"வா," என்றாள். "வா, வா."

நான் அருகே போய்க் குனிந்து அவள் தோளைத் தடவினேன். அவள் என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். "வா," என்றாள் மறுபடியும். காய்ச்சலில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தேன். இன்னும் கிட்டப் போனேன்.

"வந்திட்டன் அம்மா. இஞ்சைதான் நிக்கிறன்," என்று தமிழில் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு ஏலாது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் திறப்பை ஓர் உறையில் போட்டு, அவள் பெயர் எழுதி, பொருட்கள் வைக்கும் அலுமாரியில் பூட்டினேன். நோயாளிப் பத்திரத்தில் எழுதினேன்: 'போர்த்துக்கேயம் தெரிந்த தாதியின் உதவியுடன் விசாரிக்கப்பட்டது. நோயாளி தன் அறைத் திறப்பைப் பற்றி மட்டும் கேட்கிறார்.' கீழே கையெழுத்து வைத்தேன்.

4

சத்திரசிகிச்சைக்குப் பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. வெள்ளி முழுவதும் அவள் நினைவில்லாமல் கிடந்தாள். சனிக்கிழமை பகல் கண் விழித்த சிறிது நேரத்தில் ஒரு பொலிஸ்காரரும், போர்த்துக்கேயத் தொழிலாளர்களுக்காக வேறு ஊரிலிருந்து வந்துபோகும் ஒரு பாதிரியாரும் வார்டுக்கு வந்தார்கள்.

லூர்தஸ் ஒரு வீட்டின் பின்கட்டில், மூடிக்கிடந்த பட்டறைக்கு மேலே ஓர் அறையில் இருந்தாள். அந்த அறையில் ஒரு பெண் குழந்தையும் இருந்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. நான்கு வயது. தகப்பன் அங்கோலாப் போருக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வரவில்லை. தனியாள் என்று ஒப்பந்தம் எழுதி வேலைக்கு வந்தவள், லீவில் போனபோது பிள்ளையை விட்டுவர மனமில்லாமல் கூட்டிவந்துவிட்டாள். வேலைக்குப் போகும்போது பாணும் பாலும் வைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போவாள். பகல் இரண்டு மணிக்கு வந்துவிடுவாள். வியாழக்கிழமை வரவில்லை.

பொலிஸ்காரர் தன் சிறு கொப்பியைப் பார்த்து வாசித்தார். அறையைச் சூடாக்கும் அடுப்பு அணைந்திருந்தது. பிள்ளை கதிரையை இழுத்துப்போட்டு, யன்னலில் ஏறி, தாயின் சப்பாத்தால் கண்ணாடியை அடித்து உடைத்திருக்கிறது. இரத்தம் வடியும் சின்னக் கையை எதிர்வீட்டில் பனி அள்ளிக்கொண்டிருந்த பெண் கண்டிருக்கிறார். அதன்பிறகே கதவை உடைத்தார்கள்.

கதிரை, யன்னல், சப்பாத்து. மூன்றும் எனக்குத் தெரிந்த சொற்கள்.

பிள்ளை உயிரோடு இருந்தது. நியூமோனியா. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெயர் கொன்சைசாவ். தாய் கூப்பிடுவது சாவ் என்று. அந்தப் பெயரை அவர்கள் அப்படித்தான் சுருக்குவார்களாம்.

பாதிரியார் சொல்லச் சொல்ல லூர்தஸ் என்னையே கைநீட்டிக் காட்டிக் கத்தினாள். அவர் என் பக்கம் திரும்பினார். கோபமில்லாத முகம்.

"பிள்ளை உள்ளே பூட்டி இருக்கிறது என்று உங்களிடம் சொன்னாராம். திறப்பைத் தந்து, போங்கள் போங்கள் என்றாராம்."

"அப்படிச் சொல்லவில்லை," என்றேன். "வா என்றார்."

"ஆம்," என்றார் அவர். "எங்கள் மொழியில் வா என்றால் போ."

5

யுகெண்ட்அம்ட் என்று இங்கே ஓர் அலுவலகம் உண்டு. பிள்ளைகளின் நலத்தைப் பார்ப்பது அதன் வேலை. நான்கு வயதுப் பிள்ளையைப் பூட்டிவைத்துப் போகும் தாயிடம் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று அவர்கள் விசாரித்தார்கள். எனக்கும் ஒரு டெர்மின் வந்தது. இந்த நாளில், இந்த நேரத்தில் சமூகமளிக்கவும் என்று.

போவதற்கு முதல்நாள் எங்கள் தலைமைத் தாதி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனுசி. எனக்குத் தன் பழைய குளிர்ச்சட்டையைத் தந்தவர்.

"எழுதியது எழுதியபடி இருக்கட்டும். மொழி தெரியாமல் விசாரித்தீர்கள் என்று வந்தால் ஆஸ்பத்திரிக்குப் பிரச்சினை. இந்த நாட்டில் தங்க உங்களுக்கு உள்ள அனுமதியும் இந்த வேலையோடுதான் இருக்கிறது. யோசித்துக்கொள்ளுங்கள்."

யோசித்தேன். திருப்பி அனுப்பினால் ஊரில் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். லூர்தஸைப் பற்றியும் யோசித்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது.

மறுநாள் அதிகாரி என் முன்னால் பத்திரத்தை வைத்தார்.

"நோயாளி தனக்குப் பிள்ளை இருப்பதாகச் சொன்னாரா?"

"திறப்பைப் பற்றித்தான் சொன்னார்," என்றேன்.

"திறப்பைப் பற்றி மட்டும்?"

"ஓம்," என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு ஜெர்மனில் சொன்னேன்.

லூர்தஸ் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஜெர்மன் தெரியாது. பாதிரியார் தாயின் பக்கத்தைச் சொன்னார், அதையும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் கையெழுத்துடன் இருந்தது என் தாள்தான். உள்ளே பிள்ளை கிடக்க, திறப்பை மட்டும் நினைத்த தாய் என்று முடிவாகிவிட்டது. பிள்ளையைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். தாய் மாதம் ஒருமுறை அலுவலகத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அந்தப் பிள்ளை பல மாதங்கள் ஒரு சொல்லும் பேசவில்லையாம். கடைசியில் பேசியபோது ஜெர்மன் பேசியது. வளர்த்தவர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கொனி என்று கூப்பிட்டார்கள்.

6

வசந்தம் வந்தபோது லூர்தஸ் மாறிப் போயிருந்த ஆலை விடுதிக்கு நான் தேடிப் போனேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. கதவைத் திறந்தவளிடம், சின்ன வயதில் பூசையில் படித்த இலத்தீனில், நெஞ்சில் தட்டி, "மெயா குல்பா" என்றேன். என் பிழை. அவளுக்கு அது விளங்கியது. அந்த மொழியிலிருந்து வந்ததுதான் அவளுடையது.

அவள் மன்னிக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தவுமில்லை. உள்ளே இருந்த வாங்கைக் காட்டினாள். நான் உட்கார்ந்ததும் எழுந்து கதவுவரை நடந்தாள். "வோ," என்றாள். நான் போகிறேன். என்னை எழுப்பி நடக்கவிட்டு, "வாய்," என்றாள். நீ போகிறாய். சாமான் எதையும் அவள் காட்டவில்லை. நடத்தல், தருதல், கேட்டல், திரும்பி வருதல் என்று வினைகளையே காட்டினாள்.

ஞாயிறுதோறும் போனேன். பல்கலைக்கழக நூலகத்தில் போர்த்துக்கேய இலக்கணமொன்றை எடுத்தேன். அப்போதுதான் அந்த மொழியின் கதை தெரிந்தது. ஐபீரியாவின் வடமேற்கு மூலையில் ரோமச் சிப்பாய்களும் குடியேறிகளும் பேசிய கொச்சை இலத்தீன் அது. பக்கத்தில், இன்று ஸ்பெயினில் இருக்கும் கலீசியர்களின் பேச்சும் அதுவும் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தன. அரசர்கள் தெற்கே படை நடத்தியபோது கூடவே இறங்கியது. அங்கே அரபுக்காரர் விட்டுப்போன சொற்களைச் சேர்த்துக்கொண்டது. தலையணைக்கு அவர்கள் சொல்லும் சொல்கூட அரபுதான். பிறகு கப்பலேறியது. இன்று அதைப் பேசுகிறவர்களில் பெரும்பங்கு பிரேசிலில் இருக்கிறார்கள். கோவாவில் முதியவர்களோடு ஒடுங்குகிறது. நம் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் இன்னும் ஒரு கலப்பு வடிவம் கிடக்கிறது. லூர்தஸின் கணவன் எந்த மொழியில் செபித்தானோ அந்த மொழியில்தான் அங்கோலாவில் அவனோடு சண்டையிட்டவர்களும் தங்களுக்குள் கட்டளையிட்டிருப்பார்கள்.

'போ' என்ற வினைக்கு அந்த இலக்கணத்தில் ஒரு பக்கம் முழுவதும் இருந்தது. அந்த ஒரு வினையில் இலத்தீனின் மூன்று வேறு வினைகள் கலந்து கிடக்கின்றன. எந்த ஒழுங்குக்கும் அடங்காது என்று எழுதியிருந்தது. மரியாதையாக ஒருவரைப் போகச் சொல்லும் வடிவம் கடைசி வரியில் இருந்தது. அவர்கள் எழுத்தில் இரண்டே எழுத்து: வா. அந்தப் பக்கத்தை நான் நெடுநேரம் திருப்பவில்லை.

அதற்கிடையில் எனக்குக் கல்யாணம் ஆனது. எனக்குப் பிறகு ஆஹெனுக்கு வந்து படித்து, இங்கேயே வேலை எடுத்த யாழ்ப்பாணத்தவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார்:

"இதைப் படிச்சு என்ன செய்யப் போறீர்?"

"யுகெண்ட்அம்டுக்கு ஒரு அன்ட்ராக், விண்ணப்பம், எழுதப் போறன். அண்டைக்கு நான் சொன்னது சரியில்லை, எனக்கு அந்த மொழி தெரியாது எண்டு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"அப்ப என்ர விசா அவையின்ர கையில. இப்ப உங்கட பேரில இருக்கு."

அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எழுதி அனுப்பினேன். மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. என் வாக்குமூலம் பிள்ளையின் வழக்குக் கோவையில் சேர்க்கப்பட்டது. பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தில் நன்றாக ஒன்றிவிட்டதால் அதன் நலன் கருதி மாற்றம் எதுவும் செய்வதற்கில்லை. நல்ல, மரியாதையான ஜெர்மன். ஓர் எழுத்துப்பிழை இல்லை.

7

மாதச் சந்திப்புகளுக்குப் பாதிரியாரால் எப்போதும் வர முடியவில்லை. நான் போக ஆரம்பித்தேன். சிறு அறை, நடுவில் மேசை. லூர்தஸுக்குத் தெரிந்த ஜெர்மன் ஆலையின் ஜெர்மன்: சீக்கிரம், இயந்திரம், இடைவேளை. மகளோ தாயின் மொழியில் தன் பழைய பெயரைக்கூட மறந்திருந்தாள். முதல் வருடங்களில் தாய் அவளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவள் பெரியவளாகி எதிரே உட்கார்ந்தாள். பிறகு சில மாதங்கள் வராமல் விட்டாள். காய்ச்சல் என்றார்கள், பள்ளிச் சுற்றுலா என்றார்கள்.

போர்த்துக்கல்லில் புரட்சி வந்து போர்கள் முடிந்தன. இங்கே ஆலைகள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைத்தன. லூர்தஸுக்கு வேலை போனது. மகளையும் கூட்டிப்போகக் கேட்டாள். பிள்ளையிடம் கேட்டார்கள்; பிள்ளை மாட்டேன் என்றது. கடைசிச் சந்திப்புக்கு ஒரு நாள் குறித்தார்கள்.

கொனிக்கு அப்போது பன்னிரண்டு வயது. மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். லூர்தஸ் பல நாளாக மனதில் அடுக்கி வைத்திருந்ததைச் சொன்னாள். தகப்பன் யார், ஊர் எங்கே, ஏன் அவளைக் கூட்டிவந்தாள், ஒவ்வொரு நாளும் ஆலையிலிருந்து எப்படி ஓடி வந்தாள். நான் ஒரு சொல்லும் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். இப்போது எனக்கு எல்லா வினைகளும் தெரியும்.

பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில் ஏன் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை?"

இதை லூர்தஸுக்கு மொழிபெயர்க்க வேண்டியது என் வேலை. நான் செய்யவில்லை.

"சொன்னார்," என்றேன். "என்னிடம் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. விளங்கியது போல எழுதிக் கொடுத்தேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. தெரு விலாசம் கேட்ட ஒருவரைப் பார்ப்பது போல.

"அதை அவர்களிடம் சொன்னீர்களா?"

"பிந்திச் சொன்னேன்."

"இப்போது எனக்கு ஏன் சொல்கிறீர்கள்?"

அவள் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். தன்னைக் கூட்டிப்போக வெளியே கார் நிற்கிறது என்றாள். எழுந்து தாய்க்குக் கை கொடுத்தாள். லூர்தஸ் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, விரல்களில் எதையோ தேடினாள். கண்ணாடி கிழித்த தழும்பு அங்கே இருந்தது. அதில் முத்தமிட்டாள். பிள்ளை பொறுமையாக நின்று, பிறகு கையை எடுத்துக்கொண்டு போனாள்.

"என்ன கேட்டாள்?" என்று லூர்தஸ் கேட்டாள்.

"உங்களுடைய ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்."

"நீ நிறையப் பேசினாயே."

"ரயிலைப் பற்றித்தான்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் "ஒப்ரிகாதா" என்றாள். நன்றி.

8

லூர்தஸ் இப்போது தன் ஊரில் இருக்கிறாள். வருடத்தில் இரண்டு கடிதம் வரும், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவளின் பெரிய எழுத்தில். சாவ் எப்படி இருக்கிறாள், என்ன படிக்கிறாள், தலைமயிர் இன்னும் சுருளாக இருக்கிறதா. அந்த வளர்ப்புக் குடும்பம் வேறு மாநிலத்துக்கு வீடு மாறிப் போய்விட்டது. புதிய விலாசத்தை உறவில்லாதவருக்குத் தர ஏலாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளையை நான் பார்த்து வருடங்களாகின்றன.

பதில் எழுதுகிறேன். நன்றாக இருக்கிறாள், வளர்ந்துவிட்டாள், நன்றாகப் படிக்கிறாள், உங்களைப் பற்றிக் கேட்கிறாள். அகராதி தேவைப்படுவதில்லை. காலமும் இடமும் எண்ணும் சரியாகப் பொருந்த, ஒவ்வொரு வினையையும் அதனதன் இடத்தில் வைத்து, பிழையே இல்லாத போர்த்துக்கேயத்தில் எழுதுகிறேன்.